பெட்டிக்குள் என்ன பஞ்சு?

சென்ற இதழில் வீட்டிலேயே ஸ்பீக்கர் பெட்டி செய்வது பற்றி எழுதியிருந்தேன். பலகை அறுப்பது, ஒட்டுவது, ஊஃபருக்கு (பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கர்) வட்டம் வெட்டுவது எல்லாம் விலாவாரியாகச் சொல்லிவிட்டு, கடைசியில் "உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்து மூடிவிடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இப்போது மேசை முழுக்கக் கிடக்கின்றன. போடியில் முப்பது வருடத்துக்கு மேல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன் அப்படி எழுதியிருக்கக் கூடாதுதான். சரி, இந்த மாதம் முழுக்கப் பஞ்சுதான்.

கேள்வி: ஆறரை அங்குல ஊஃபரும் ஒரு ட்வீட்டரும் (மேல் சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர்) வைத்து இரண்டு பெட்டி செய்தேன். 18 மி.மீ. பிளைவுட். உள்ளளவு அகலம் 22, ஆழம் 24, உயரம் 38 செ.மீ. ஓட்டை இல்லாத மூடிய பெட்டி. பாட்டு பரவாயில்லை. ஆனால் செய்தி வைத்தால் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருக்கிறது. ஒரு கடையில் கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) போடச் சொல்கிறார்கள், இன்னொரு கடையில் ஃபோம் ஷீட், மூன்றாவது கடைக்காரர் "ஒன்றும் வேண்டாம், ஈக்வலைசரில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (கோவில்பட்டி வாசகர்)

பதில்: மூன்றாவது ஆளை விட்டுவிடுங்கள். மற்ற இருவரும் பொருளைச் சொல்கிறார்களே தவிர, அதை எங்கே வைப்பது என்று சொல்லவில்லை. உங்கள் பெட்டிக்கு அதுதான் முக்கியம்.

ஊஃபரின் கோன், அதாவது ஆடி ஒலி எழுப்பும் அந்தக் கூம்பு, முன்னால் தள்ளும் அதே அளவு பின்னாலும் தள்ளுகிறது. பின்பக்கச் சத்தம் பெட்டிக்குள் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, மெல்லிய கோன் வழியாகவே வெளியே வந்துவிடுகிறது. அதிலும், எதிரெதிர் சுவர்களுக்கு இடையே அரை அலை சரியாக அடங்குகிற சுருதிகள் தங்கிப்போய் ஊதும். உங்கள் 38 செ.மீ. உயரத்துக்கு அது 450 ஹெர்ட்ஸைச் சுற்றி விழும். அகலமும் ஆழமும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால் அவை இரண்டும் 700க்கும் 800க்கும் இடையில் சேர்ந்து நிற்கும். இவை அத்தனையும் மனிதக் குரல் நடமாடுகிற இடம். அதனால்தான் பாட்டில் தப்பித்துக்கொள்வது செய்தியில் மாட்டிக்கொள்கிறது.

இப்போது பஞ்சு. அது ஒலியைத் தடுத்து நிறுத்துவதில்லை. காற்று இழைகளுக்கு நடுவே ஓடும்போது உரசிச் சக்தியை இழக்கிறது, அவ்வளவுதான். அப்படியானால் காற்று எங்கே ஓடுகிறதோ அங்கேதான் பஞ்சுக்கு வேலை. சுவரை ஒட்டிய காற்றால் நகர முடியாது. அங்கே அழுத்தம் மட்டும் ஏறி இறங்கும். ஓட்டம் அதிகமாக இருப்பது சுவரிலிருந்து கால் அலை தூரத்தில். 450 ஹெர்ட்ஸுக்குக் கால் அலை 19 செ.மீ., அதாவது உங்கள் பெட்டியின் நட்ட நடு உயரம். சுவரில் ஒரு அங்குல ஃபோம் ஒட்டினால் அது 3000 ஹெர்ட்ஸுக்கு மேலே நன்றாக வேலை செய்யும். அந்த உயரத்தில் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஃபோம் ஒட்டியும் குடம் போகவில்லை என்று புலம்புகிறவர்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் தவறுகிறார்கள்.

ஆகவே மூடிய பெட்டியை முழுக்க நிரப்புங்கள், நடுப்பகுதி உட்பட. என் கை போவது தலையணைக்கு அடைக்கிற ரெக்ரான் மேல்தான். மெத்தைக் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். அரிக்காது, பூச்சி பிடிக்காது, ஈரம் குடிக்காது. லிட்டருக்கு 8 முதல் 10 கிராம் என்று ஆரம்பியுங்கள். உங்கள் பெட்டி 20 லிட்டர், எனவே 160 முதல் 200 கிராம். சமையலறைத் தராசே போதும். வீட்டில் கேட்பாரற்றுக் கிடக்கும் ரெக்ரான் தலையணை ஒன்றைப் பிரித்தால் இரண்டு பெட்டிக்கும் வரும். கட்டி கட்டியாகத் திணிக்காமல், பிய்த்து உதறி, பூப்போல ஆக்கி வையுங்கள். ஊஃபரின் முதுகுப் பக்கம் ஒரு துண்டு கொசுவலையைத் தொங்கவிட்டு ஸ்டேப்ளர் அடித்துவிட்டால் இழை எதுவும் கோனில் உரசாது.

கிளாஸ் வூல் இதைவிடக் கொஞ்சம் நன்றாகவே வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் கையுறை, முகமூடி, கண்ணாடி இல்லாமல் தொடக் கூடாது. போட்ட பிறகும் துணிப்பை தைத்து அதற்குள்தான் வைக்க வேண்டும். நான் ஒருமுறை வெறும் கைலியோடு உட்கார்ந்து அந்த வேலையை முடித்தேன். அந்தக் கைலியை வீட்டுத் துணிகளோடு சேர்த்து ஊறப்போட்டேன். மூன்று நாள் குடும்பமே சொறிந்துகொண்டிருந்தது. நான்காம் நாள்தான் காரணத்தை என் மனைவி கண்டுபிடித்தாள். அதற்கு அப்புறம் கடையில் கிளாஸ் வூல் வாங்கவில்லை.

கேள்வி: முட்டை அட்டை, தெர்மோகோல் இரண்டில் எது நல்லது? (ஆம்பூர் வாசகர்)

பதில்: முட்டை அட்டை முட்டைக்கு நல்லது. தெர்மோகோல் டிவியைப் பாதுகாக்க நல்லது. எந்தப் பொருளானாலும் வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு கொஞ்சம் முக்கி முக்கி மறுபக்கம் போனால் அது உங்களுக்கு ஆகும். தெர்மோகோலிலும் யோகா பாயிலும் மூச்சு போகவே போகாது. முட்டை அட்டை மிக மெல்லிசு, பெட்டிக்குள் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

கேள்வி: ஊதித் தள்ளும் குழாய் வைத்த பெட்டி. எட்டு அங்குல ஊஃபர். பேஸ் இன்னும் நன்றாக வரட்டும் என்று உள்ளே ரெக்ரான் அடைத்தேன். இருந்த பேஸும் போய்விட்டது, ஐயா. (ஈரோடு வாசகர்)

பதில்: போகத்தான் செய்யும். குழாயில் இருக்கும் காற்று ஒரு எடை, பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங். இரண்டும் சேர்ந்து ஒரு சுருதியில் ஊஞ்சலாடித்தான் அந்தக் கீழ் பேஸைத் தருகின்றன. நீங்கள் ஊஞ்சலுக்குக் கீழே வைக்கோலைக் குவித்துவிட்டீர்கள். எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பின்சுவர், மேல்சுவர், பக்கச் சுவர் ஒன்று, இவற்றில் மட்டும் இரண்டு அங்குலக் கனத்துக்குப் படுக்கையாகப் பரப்பி ஸ்டேப்ளர் அடியுங்கள். ஊஃபருக்கும் குழாய்க்கும் நடுவே வழி திறந்தே இருக்க வேண்டும். குழாயின் உள்வாய்க்கு எதிரே குறைந்தது அதன் விட்டம் அளவு இடம் காலியாக இருக்கட்டும். பெட்டி உயரமாக இருந்து, குழாய் அடியிலும் ஊஃபர் நடுவிலும் இருந்தால், ஊஃபருக்கு மேலே இருக்கும் மூலையை மட்டும் தாராளமாக நிரப்பலாம். பேஸுக்குப் பாதகம் அதிகம் வராது, குடச்சத்தமும் குறையும்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் இலவமரம் இருக்கிறது. காசு கொடுத்து ரெக்ரான் வாங்குவானேன்? இலவம்பஞ்சு ஆகாதா? (ஆண்டிபட்டியிலிருந்து ஒரு சகோதரி)

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். என் ஊரே இலவம்பஞ்சு ஊர். வருசநாட்டுப் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து காய் வந்து இறங்கும் காலத்தில் தெருவெல்லாம் வெள்ளையாகப் பறக்கும். ஆரம்ப காலத்தில் எந்தப் பெட்டிக்கும் நான் அடைத்தது அதைத்தான், வேறு எதையும் யோசித்ததே இல்லை.

இழை என்று பார்த்தால் அருமையான இழை. உள்ளே வெற்றுக் குழல், மேலே மெழுகுப் பூச்சு, அதனால் தண்ணீர் ஒட்டாது. பருத்தி மழைக்காலத்தில் ஈரம் குடித்துக் கனத்துவிடும், இது அப்படி ஆகாது. கேட்பதற்கும் குறை சொல்ல முடியாது. குறை இரண்டு வேறு இடத்தில் இருக்கிறது.

1988இல் ஒரு கல்யாண மண்டபத்துக்கு நான்கு பெட்டி செய்து கொடுத்தேன். பத்து வருடம் கழித்து ஒரு ஊஃபர் மாற்றுவதற்காகத் திறந்தால், அடைத்த பஞ்சு முழுக்க அடியில் மூன்றில் ஒரு பங்குக்குப் படிந்து, தட்டினால் பலகை போல இருந்தது. மேலே வெறும் பெட்டி. பஞ்சுக்கு நடுவே ஒரு எலிக் குடும்பம். பஞ்சில் கொட்டை ஒன்றிரண்டு தங்கியிருந்ததுதான் அவற்றை அழைத்து வந்திருக்க வேண்டும். பின்னால் ஒயர் போகிற துளையைச் சரியாக அடைக்காதது என் பிழை. இலவ இழை வழவழப்பானது, சுருளும் இல்லை. ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாது, ஸ்பீக்கர் ஆட ஆட வழுக்கிக் கீழே இறங்கிவிடும். ரெக்ரானில் செயற்கையாகச் சுருள் கொடுத்திருக்கிறார்கள், அதுதான் அதன் பலம்.

எனவே போடுங்கள், ஆனால் கொட்டை நீக்கிய பஞ்சாக, மெல்லிய மல் துணியில் சிறு சிறு பைகளாகத் தைத்து, ஒவ்வொரு பையையும் தனித்தனியே சுவரிலும் குறுக்குக் கட்டையிலும் கட்டித் தொங்கவிடுங்கள். அப்போது இறங்கினாலும் அந்தப் பைக்குள்தான் இறங்கும்.

இரண்டாவது குறை நெருப்பு. இலவம்பஞ்சு பொறி பட்டால் குபீரென்று பிடிக்கும். பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிறீர்கள் என்றால் இலவமும் வேண்டாம், பருத்தியும் வேண்டாம். ரெக்ரான் போட்டாலும் ஆம்ப்ளிஃபயருக்கு நடுவே தடுப்புப் பலகை அடித்துத் தனி அறை கொடுத்துவிடுங்கள். ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் சுருதியைப் பிரித்து அனுப்புகிற கிராஸ்ஓவரில் இருக்கும் பெரிய ரெசிஸ்டர்கள்கூட நன்றாகச் சுடும். அவற்றின் மேல் எந்தப் பஞ்சும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பஞ்சு அடைத்தால் பெட்டி "பெரிதாகிவிடும்" என்று படித்தேன். உண்மையா? எவ்வளவு போட்டால் சரி என்று அளந்து கண்டுபிடிக்க வழி உண்டா? பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். (கோவை வாசகர்)

பதில்: உண்மைதான் தம்பி, ஆனால் சொல்கிற அளவுக்கு இல்லை. சைக்கிள் பம்பு அடிக்கும்போது அடிப்பக்கம் சுடுகிறதல்லவா? காற்றை அமுக்கினால் சூடாகும், சூடான காற்று இன்னும் முரண்டு பிடிக்கும். பெட்டிக்குள் கோன் அமுக்கும் காற்றும் அப்படித்தான். நடுவே மெல்லிய இழைகள் நிறைந்திருந்தால் அந்தச் சூட்டை அவை வாங்கிக்கொண்டு, காற்று விரியும்போது திருப்பிக் கொடுத்துவிடும். காற்று கொஞ்சம் மென்மையான ஸ்பிரிங் ஆகிவிடுகிறது. கோனுக்குப் பெட்டி பெரிதானது போலத் தோன்றும். கணக்குப்படி அதன் உச்சவரம்பு 40 சதவீதம். நடைமுறையில் பாதி கிடைத்தாலே சந்தோஷப்படலாம். 14 லிட்டர் பெட்டி செய்து பஞ்சால் 20 ஆக்கிவிடலாம் என்று மட்டும் கனவு காணாதே.

பெட்டிக் காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தும் யோசனையை அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1954இல் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கராகக் கொண்டுவந்தார். சின்னப் பெட்டியில் அவ்வளவு பேஸ் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. அதற்குள்ளும் கண்ணாடி இழை நிரப்பியிருந்தார்கள்.

அளப்பதற்கு அதிகச் செலவில்லை. ஆம்ப்ளிஃபயருக்கும் ஊஃபருக்கும் நடுவே 100 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடு. கைபேசியில் டோன் ஜெனரேட்டர் செயலி இலவசமாகக் கிடைக்கும். அதிலிருந்து 30 ஹெர்ட்ஸில் தொடங்கி மெல்ல ஏற்று. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில், 2 வோல்ட் அளவிலோ அதை ஒட்டிய அளவிலோ வைத்து ஊஃபர் முனைகளில் பிடி. வோல்ட் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் உச்சம் தொட்டு இறங்கும். அந்த உச்சம் எத்தனை ஹெர்ட்ஸ் என்று குறித்துக்கொள். அப்புறம் 50 கிராம் பஞ்சு சேர்த்து மூடி மறுபடி அள. எண் கீழே இறங்கும்.

நான் 20 லிட்டர் பெட்டியில் செய்து பார்த்தபோது வெறும் பெட்டி 72 ஹெர்ட்ஸ். 100 கிராமில் 70. 200 கிராமில் 68. 300இல் 67. 400 கிராம் திணித்ததும் மறுபடி 68க்கு ஏறிவிட்டது. பஞ்சே இடத்தை அடைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். 300இல் நிறுத்தலாம் என்று மீட்டர் சொன்னது. என் காது 200லேயே நிறுத்தச் சொன்னது, ஏனென்றால் அதற்கு மேல் தவில் அடி கொஞ்சம் சோர்ந்துபோனது போல இருந்தது. நான் காதைக் கேட்டேன். மேஜை நாற்காலியில் உட்கார்ந்து பரீட்சை எழுதப்போகிற நீ மீட்டர் சொன்னதை எழுது.

கேள்வி: உள்ளே பஞ்சு நிறையப் போட்டும் பெட்டி "பொம்" என்று அதிர்கிறது. கை வைத்தால் பக்கப் பலகை துடிக்கிறது. இன்னும் போடலாமா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: போடாதீர்கள். பஞ்சு காற்றுக்கு மருந்து. உங்களுடைய நோய் பலகையில். இரண்டையும் "டேம்பிங்" என்ற ஒரே பெயரில் கடைக்காரர்கள் சொல்வதால் வருகிற குழப்பம் இது.

முதலில் பலகைக்கு முட்டுக்கொடுங்கள். எதிரெதிர் பக்கப் பலகைகளை இணைத்து ஒரு குறுக்குக் கட்டை, நடுவில் இல்லாமல் கொஞ்சம் தள்ளி. அதற்கே பாதி அதிர்வு அடங்கும். மீதிக்குக் கார் கதவுக்குள் ஒட்டுகிற தார் கலந்த ஷீட், மேலே அலுமினியத் தாளோடு வருவது. ஹேர் டிரையரால் சூடு காட்டி அழுத்தி ஒட்டுங்கள். பிபிசியின் ஆராய்ச்சிப் பிரிவுக்காரர்கள் 1970களில் செய்த ஸ்டூடியோ ஸ்பீக்கர்களுக்குக் கனமான பலகையே போடவில்லை. மெல்லிய பிளைவுட்டில் இந்த மாதிரித் தார் அட்டையை ஒட்டித்தான் அதிர்வைக் கொன்றார்கள்.

காசை மிச்சப்படுத்த மொட்டை மாடிக்குப் போடும் தார் ஷீட்டை வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கினேன். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்கு அடியில் இருந்த பெட்டிக்குள் அது இளகி வழிந்து, கிராஸ்ஓவர் பலகையை மூழ்கடித்தது. அந்த வாடை அடுத்த பொங்கல் வரை போகவில்லை.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் டோனை மெல்ல ஓடவிட்டு, ஊதுபத்தி ஒன்றை ஏற்றி இணைப்புகளின் ஓரமாகக் கொண்டுபோங்கள். எங்காவது புகை நடுங்கினால் அங்கே காற்று கசிகிறது. கொஞ்சம் சிலிகான் பூசினால் தீர்ந்தது. என்னிடம் "அதிர்வு" என்று வந்த பெட்டிகளில் பல இப்படிப் பத்து ரூபாய் வேலையில் முடிந்தவை.

கேள்வி: பழைய ஆங்கிலக் கட்டுரைகளில் நீளமான ஆட்டு ரோமம்தான் சிறந்தது என்கிறார்கள். நீண்ட வளைவுப் பாதை வைத்த டிரான்ஸ்மிஷன் லைன் பெட்டி செய்யப்போகிறேன். (டொரண்டோ வாசகர்)

பதில்: அது 1965இல் வயர்லெஸ் வேர்ல்ட் பத்திரிகையில் ஏ. ஆர். பெய்லி எழுதியதிலிருந்து வந்த பழக்கம். அவர் பிராட்ஃபோர்டுக்காரர், இங்கிலாந்தின் கம்பளி ஊர். போடிக்காரன் இலவத்தைப் பிடித்துக்கொண்டதைப் போல அவர் ரோமத்தைப் பிடித்திருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆனாலும் நல்ல பொருள்தான். அந்த மாதிரிப் பெட்டிக்கு லிட்டருக்கு 8 கிராம் கணக்கு. பாதை நெடுக வலையோ கயிறோ கட்டித் தாங்கவிடுங்கள், இல்லாவிட்டால் என் மண்டபப் பெட்டி கதைதான். அந்துப்பூச்சி அரிக்காதபடி பதப்படுத்திய ரோமமாகப் பார்த்து வாங்குங்கள். அந்துருண்டையை உள்ளே போட்டுவிட வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும்.

கேள்வி: என் அப்பா டீக்கடையில் மண்பானை மேல் ஸ்பீக்கர் கவிழ்த்து வைத்திருப்பார். அதே போல ஒன்று வீட்டில் செய்ய ஆசை. பானைக்குள்ளும் பஞ்சு வேண்டுமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: பெட்டியைவிடப் பானைக்குத்தான் அவசியம். வெளிப்பக்கம் பார்த்தால் உருண்டையைவிட நல்ல வடிவம் வேறு இல்லை. கூர்முனை இல்லாததால் ஒலி வழுக்கிக்கொண்டு போய்விடும். அமெரிக்காவில் ஹாரி ஓல்சன் 1950களின் தொடக்கத்தில் பல வடிவப் பெட்டிகளைச் செய்து அளந்தபோது உருண்டைதான் முதலில் வந்தது. வளைந்த மண்சுவர் பலகை போல அதிராது என்பதும் ஒரு லாபம். ஆனால் உட்பக்கம் நேர்மாறு. எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே தூரம், அதனால் எல்லா எதிரொலியும் ஒரே சுருதியில் வந்து கூடும். 30 செ.மீ. பானையில் அது 750 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். அப்பாவின் கடைப் பாட்டில் கேட்ட அந்த "ங்ஙோ" இதுதான். அது வேண்டும் என்றால் பஞ்சே போடாதீர்கள், நான் குறுக்கே வர மாட்டேன்.

வேண்டாம் என்றால், அந்த அளவுப் பானை சுமார் 14 லிட்டர் கொள்ளும். 120 முதல் 140 கிராம் ரெக்ரானை உதறி உள்ளே விட்டு, மேலே கொசுவலை கட்டி, அதற்கு மேல் ஸ்பீக்கரை வைத்து வாயைச் சுற்றி எம்-சீல் பூசுங்கள். தண்ணீர் கசிகிற பானை காற்றையும் கசியவிடும், அதனால் முதலில் உட்பக்கம் இரண்டு கை பெயின்ட் அடித்துக் காயவிட வேண்டும். ஒயருக்கு அடியில் துளை போடுவதாக இருந்தால் பெயின்ட்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள். பானையை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, சின்ன ஓடு துளைக்கும் பிட்டால், சுத்தியல் ஓட்டத்தை அணைத்துவிட்டு, மெதுவாக. இரண்டு பானையாக வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பானை எப்படியும் உடையும்.